மூடப்பட்டதும் தீர்ந்ததும்: தடமறி மென்பொருளின் சொற்களும் தமிழ் முறையீட்டு மரபும் – திருவண்ணாமலையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்களின் குழுப்பணிகளை ஒழுங்குபடுத்துவதற்கென உருவான தடமறி மென்பொருள் இன்று அரசு அலுவலகங்களின் மனு மேலாண்மைக்கும் அடிப்படை வடிவமாகியுள்ளது. ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு நிலை, ஒரு முடிவு என்பதே இவ்வடிவத்தின் சாரம். இவ்வடிவம் தமிழ்ச் சூழலுக்குள் வந்தபோது அதன் நிலைச்சொற்கள் எவ்வாறு பொருள் மாறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 2021ஆம் ஆண்டின் மனுப்பெட்டி நிகழ்வு, கார்த்திகைத் தீபத் திருவிழா ஏற்பாடுகள், 2024ஆம் ஆண்டின் மண்சரிவு ஆகிய மூன்று திருவண்ணாமலைச் சூழல்கள் ஆய்வுக்களங்களாகக் கொள்ளப்பட்டுள்ளன. சோழர் காலச் செப்பேடுகள் காட்டும் ஆணை நடைமுறையும், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ‘மூடப்பட்டது’ என்பதும் ‘தீர்ந்தது’ என்பதும் ஒன்றல்ல என்பதும், மூடும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே இத்தகைய மென்பொருளின் அறம் சார்ந்த மையம் என்பதும் கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: தடமறி மென்பொருள், மனு, முறையீடு, பதிவெண், திருவண்ணாமலை, ஆணை நடைமுறை, வழக்குரை காதை, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரியும் தமிழர்களின் அன்றாடப் பேச்சில் ‘டிக்கெட்’ என்னும் சொல் பேருந்துப் பயணத்தையோ திரையரங்கையோ குறிப்பதில்லை. ஒரு பிழையை, ஒரு வேண்டுகோளை, முடிக்க வேண்டிய ஒரு வேலையை அது குறிக்கிறது. ‘டிக்கெட் போட்டாயிற்றா’, ‘டிக்கெட் க்ளோஸ் ஆயிற்றா’ என்னும் வினாக்கள் அலுவலக நாளைத் தொடங்கி வைக்கின்றன, முடித்தும் வைக்கின்றன. தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனமே இவ்வகை மென்பொருளை உருவாக்கி உலகெங்கும் விற்பனை செய்கிறது. எனவே இதனை அயலிலிருந்து வந்த கருவியாக மட்டும் கருதி ஒதுக்கிவிட இயலாது.

தமிழாய்வில் கணினி பெரும்பாலும் எழுத்துரு, குறியேற்றம், சொற்செயலி, தரவகம், இயந்திர மொழிபெயர்ப்பு ஆகிய வழிகளிலேயே பேசப்பட்டு வந்துள்ளது. வேலையை ஒழுங்கமைக்கும் மென்பொருள் மொழியாய்வின் பார்வைக்குள் அரிதாகவே வருகிறது. அம்மென்பொருளும் சொற்களால் ஆனதே. ஒரு குறைக்கு எப்பெயரிடுவது, அது எந்நிலையில் இருப்பதாகச் சொல்வது, எப்போது அது முடிந்ததாகக் கொள்வது ஆகிய மூன்றும் மொழி சார்ந்த முடிவுகள். இம்முடிவுகள் ஓர் எளிய மனுதாரரின் வாழ்வைத் தொடும்போது அவை திறனாய்வுக்கு உரியனவாகின்றன.

தடமறி மென்பொருளின் தோற்றமும் நிலைச்சொற்களும்

குறைகளைப் பதிந்து தொடரும் மென்பொருள், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தது. 1992இல் குனூ திட்டத்தின் ‘நாட்ஸ்’, 1994இல் டெபியன் குழுவின் பிழைத்தட அமைப்பு, 1998இல் மொசில்லாவின் ‘பக்ஸில்லா’ ஆகியன வெளிவந்தன. 2002இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் ‘ஜிரா’வை வெளியிட்டது. முதலில் நிரற்பிழைகளுக்கென அமைந்த இவ்வடிவம் பின்னர் எல்லா வகைக் குழுப்பணிகளுக்கும் பரவியது.

பக்ஸில்லாவின் நிலைச்சொற்கள் உற்றுநோக்கத் தக்கவை. ஒரு பிழை முதலில் ‘உறுதிப்படாதது’ ஆக இருக்கலாம். பின் ‘புதியது’ ஆகி, ஒருவருக்கு ‘ஒப்படைக்கப்பட்டது’ என்னும் நிலையை அடையும். வேலை முடிந்ததும் அது ‘தீர்க்கப்பட்டது’ ஆகும். அங்கேயே அது நின்றுவிடுவதில்லை. திருத்தியவர் அல்லாத வேறொருவர் சோதித்து ‘சரிபார்க்கப்பட்டது’ எனக் குறிக்க இடமுண்டு. அதன் பிறகே ‘மூடப்பட்டது’ என்னும் நிலை. தீர்வின் வகையும் தனியே குறிக்கப்படும். சரிசெய்யப்பட்டது, செல்லாதது, சரிசெய்யப்போவதில்லை, முன்பே பதியப்பட்டது, இங்குப் பிழை தோன்றவில்லை என்பன அவ்வகைகள். மூடிய பிழையை மீண்டும் திறக்கவும் வழி இருந்தது. டெபியன் அமைப்பில் ஒரு பிழை மூடப்பட்டால் அதற்கான விளக்கம் பிழையை அறிவித்தவருக்கு மின்னஞ்சலில் சென்று சேரும்.

இவ்வமைப்பில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, தீர்த்தவரும் சரிபார்ப்பவரும் வேறானவர். இரண்டாவது, ‘செய்யப்போவதில்லை’ என்பதை மறைக்காமல் சொல்லும் சொல் உண்டு. மூன்றாவது, அறிவித்தவர் இறுதிவரை உரையாடலுக்குள் இருக்கிறார். பிற்கால மென்பொருள்கள் எளிமையை நாடியபோது இந்நுட்பங்கள் தேய்ந்தன. கிட்ஹப் தளம் நெடுங்காலம் ‘திறந்தது’, ‘மூடியது’ என்னும் இரு நிலைகளை மட்டுமே கொண்டிருந்தது. 2022இல்தான் ‘முடிந்தது’, ‘திட்டத்தில் இல்லை’ என மூடியதற்கான காரணத்தைப் பிரித்துக் காட்டத் தொடங்கியது. இரு நிலைகள் போதா என்பதை மென்பொருளாளர்களே பட்டறிந்து உணர்ந்தனர் என்பதற்கு இது சான்று.

திருவண்ணாமலை: பெட்டியிலிருந்து பதிவெண்ணுக்கு

2021 சனவரி 29 அன்று, அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலின் ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ என்னும் தேர்தல் பரப்புரையைத் திருவண்ணாமலையில் தொடங்கினார். பொதுமக்களிடமிருந்து பெறப்பட்ட மனுக்கள் பெட்டியில் இடப்பட்டுப் பூட்டப்பட்டன. ஆட்சி அமைந்த நூறு நாள்களுக்குள் அவற்றிற்குத் தீர்வு காணப்படும் என்பது வாக்குறுதி. அவ்வாண்டு மே 7 அன்று பதவியேற்றதும் கையொப்பமிடப்பட்ட முதல் ஐந்து ஆணைகளுள் ஒன்று இம்மனுக்களுக்கெனத் தனித்துறை அமைப்பது பற்றியது. பின்னர் முதலமைச்சரின் தனிப்பிரிவு, 1100 என்ற எண்ணில் இயங்கும் உதவி மையம் முதலியவற்றோடு இது இணைக்கப்பட்டு ‘முதல்வரின் முகவரி’ என்னும் துறையாயிற்று. மனுவைப் பதிந்து, எண்ணிட்டு, துறைக்கு அனுப்பி, நிலையை இணையவழி அறியச் செய்வது இதன் நடைமுறை. அரசியல் மதிப்பீடு இங்கு நோக்கமன்று. தாள்மனு, பூட்டிய பெட்டி, பதிவெண், இணையத்தளம் என்னும் வரிசை தமிழ்நாட்டில் முறையீட்டின் வடிவ மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது என்பதே கருதத்தக்கது.

பதிவெண் ஓர் உண்மையான பேறு என்பதை மறுக்க இயலாது. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கி வரும் ஒருவருக்கு, கொடுத்த தாள் எங்குள்ளது என்பதை அறியும் வழி முன்பு இல்லை. எண் அதற்கு விடையளிக்கிறது. மனு தொலைந்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாத நிலையை அது உண்டாக்குகிறது.

எனினும் எண் காட்டுவது மனுவின் பயணத்தையே. குறையின் நிலையை அன்று. உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல் ஒன்றை எடுத்துக்கொண்டால், அது கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், வட்டாட்சியர் எனப் பலர் கைகளைக் கடக்க வேண்டும். நில அளவர் களத்திற்குச் சென்று அளக்கும்வரை எதுவும் நிகழ்ந்ததாகாது. மனு ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்னும் விடையோடு அதன் எண் முடிக்கப்படுமானால், பயணம் நிறைவுற்றிருக்கும். நிலம் அளக்கப்படாமலேயே இருக்கும். ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூருக்குச் சாலை கேட்டு எழுதப்படும் மனுவும் இத்தகையதே. காட்டுநிலத்தின் வழியே சாலை செல்லுமானால் வனத்துறையின் இசைவும் வேண்டும். ஒரு மனுவுக்கு ஒரு பொறுப்பாளர் என்னும் மென்பொருளின் எடுகோள் இங்குப் பொருந்துவதில்லை.

‘முடிவு’ என்னும் சொல்லின் அலுவலக வரலாறு

இச்சிக்கலை மென்பொருள் புதிதாகப் படைத்துவிடவில்லை. தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஒவ்வோர் உதவியாளரும் பேணும் தன்பதிவேடு தாளில் அமைந்த தடமறி மென்பொருளே. வந்த கடிதத்தின் எண், நாள், பொருள், எடுத்த நடவடிக்கை, முடிவு ஆகியன அதில் வரிசையாகப் பதியப்படும். கோப்பு முடிக்கப்படும்போது அது ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு என வகைப்படுத்தப்படும்.

இவ்வகைப்பாடு எதைக் குறிக்கிறது என்பது எண்ணத்தக்கது. மனுதாரருக்குக் கிடைத்த பயனை அது குறிப்பதில்லை. முடிந்த கோப்பை எத்தனை ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதையே குறிக்கிறது. ‘முடிவு’ என்னும் சொல் அலுவலக வழக்கில் தாளின் ஆயுளைச் சார்ந்தது. குறையின் தீர்வைச் சார்ந்ததன்று. ஆங்கில ஆட்சிக் காலக் கோப்பு முறையின் வழிவந்த இப்பொருள், மென்பொருளின் ‘மூடப்பட்டது’ என்னும் நிலையோடு இயல்பாகப் பொருந்திக்கொண்டது. பக்ஸில்லாவில் இருந்த சரிபார்ப்பு என்னும் இடைநிலைக்குத் தன்பதிவேட்டில் இடம் இல்லாமையால், மின்மயமாக்கத்திலும் அதற்கு இடம் தேடப்படவில்லை எனக் கருதலாம். கருவி மாறியது, சொல்லின் பொருள் மாறவில்லை.

தீபத் திருவிழா: முடிவுநாள் உள்ள குழுப்பணி

இதற்கு மாறான ஒரு களமும் அதே ஊரில் உண்டு. கார்த்திகைத் தீபத் திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கிப் பத்தாம் நாள் நிறைவை எட்டுகிறது. அன்று விடியற்காலையில் கோயிலுக்குள் பரணி தீபமும், மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபமும் ஏற்றப்படுகின்றன. கொப்பரை மேலே செல்ல வேண்டும். நெய்யும் காடாத் துணித் திரியும் சேர வேண்டும். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், விளக்கு, காவல் ஆகியன அமைய வேண்டும். அறநிலையத்துறை, காவல்துறை, உள்ளாட்சி, வருவாய், சுகாதாரம், போக்குவரத்து, மின்வாரியம், வனம், தீயணைப்பு எனப் பல துறைகள் ஒரே நாளை நோக்கி உழைக்கின்றன.

இப்பணிக்குத் தடமறி முறை மிக நன்றாகப் பொருந்தும். வேலைகள் எண்ணத்தக்கவை, முடிவுநாள் மாறாதது, பொறுப்பு பிரிக்கத்தக்கது. எல்லாவற்றினும் முதன்மையானது, முடிந்ததா என்பதை எவரும் கண்ணால் காணலாம். மலைமேல் தீபம் தெரிந்தால் வேலை முடிந்தது. குழாயில் நீர் வந்தால் முடிந்தது. சரிபார்ப்பவர் திரண்டிருக்கும் மக்களே. தீபத்தை ஏற்றாமல் ‘ஏற்றப்பட்டது’ எனப் பதிந்துவிட எவராலும் இயலாது. தடமறி முறை வெற்றிபெறும் இடங்களின் பொதுக்கூறு இதுவே. பயன் பெறுபவர் கண்முன்னே வேலையின் முடிவு நிகழும்போது பதிவும் உண்மையும் ஒன்றாகின்றன.

2024ஆம் ஆண்டு இதற்கு ஒரு வரம்பையும் காட்டியது. ஃபெஞ்சல் புயலின் கனமழையால் டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்தின் வ.உ.சி. நகரில் மண்சரிவு ஏற்பட்டு ஒரு வீடு புதையுண்டதில் எழுவர் உயிரிழந்தனர். டிசம்பர் 13 அன்று மகாதீபம் ஏற்றப்பட்டது. மலையின் உறுதி ஐயத்திற்கு உள்ளானமையால் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. விழா என்னும் பணி அவ்வாண்டும் உரிய நாளில் முடிந்தது. மலைச்சரிவு என்னும் சிக்கலுக்கோ முடிவுநாள் கிடையாது. அது எந்தத் தனிமனிதரின் மனுவிலும் முழுமையாக அடங்குவதில்லை. எந்த ஒரு துறையின் பொறுப்பிலும் முழுமையாக வருவதில்லை. வீட்டுமனை, வடிகால், காடு, பாறை, மழை ஆகிய அனைத்தும் சேர்ந்தது அது. எண்ணிடத்தக்க குறைகளை மட்டும் காணப் பழகிய நிருவாகக் கண்ணுக்கு எண்ணிட இயலாத இடர் புலப்படுவதில்லை. தடமறி முறையின் பெருங்குறை அது தவறாகப் பதிவதில் இல்லை. பதியப்படாததை இல்லாததாக எண்ண வைப்பதில் இருக்கிறது.

மரபில் ஆணையும் முறையீடும்

இத்தகைய ஒப்பீட்டில் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என நிறுவும் ஆர்வம் எளிதில் தலைதூக்கும். சோழர் செப்பேடுகளைக் கொண்டு அவ்வாறு வாதிடவும் கூடும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் அளித்த கொடையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடு, ஓர் ஆணை வாய்மொழியாகப் பிறந்து நிலத்தில் நிலைபெறும்வரை கடந்த படிகளைக் காட்டுகிறது. மன்னன் சொல்லைக் கேட்டவர், ஓலையில் எழுதியவர், ஒப்பிட்டவர், வரிக்கணக்கில் பதிந்தவர் எனச் செப்பேடுகள் அலுவலரை வரிசைப்படுத்துகின்றன. திருவாய்க்கேள்வி, திருமந்திரஓலை, திருமந்திரஓலை நாயகம், புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்னும் பெயர்கள் ஒவ்வொரு படிக்கும் பொறுப்பாளர் உண்டு என்பதைப் புலப்படுத்துகின்றன.

இவ்வரிசையைக் காட்டிலும் அதன் இறுதிப்படியே இங்குப் பயன்தருவது. ஓலை நாட்டாரிடம் வந்தபின் அவர்கள் பிடியானையோடு எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதிக் கொடுத்தனர். ஆணை அரண்மனையில் முடிவதில்லை. நிலத்தில் கால்பதித்து நடந்த பின்னரே அது முடிந்ததாகிறது. மென்பொருளில் தேய்ந்துபோன ‘சரிபார்க்கப்பட்டது’ என்னும் நிலை இங்கு உடலால் நிகழ்த்தப்படும் சடங்காகவே இருந்தது.

ஆயினும் இது ஆணையின் தடமே தவிர முறையீட்டின் தடம் அன்று. பயன்பெற்றவை விகாரமும் கோயிலும் பிரமதேயமும். நிலத்தை உழுதவரின் குறை இவ்வரிசையில் ஏறியதற்கு இச்செப்பேடு சான்றாகாது. மேலிருந்து கீழ் செல்லும் ஆணைக்கு அமைந்த செம்மை, கீழிருந்து மேல் செல்லும் முறையீட்டிற்கும் இருந்தது எனக் கொள்வது மிகையாகும்.

முறையீட்டின் அறத்தை இலக்கியமே பேசுகிறது. கன்றை இழந்த பசுவின் மணியோசைக்குச் செவிசாய்த்த சோழன் கதையைக் கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊரின் பெருமையாக எடுத்துரைக்கிறாள். பெரியபுராணம் அதனைத் திருவாரூரில் வைத்து விரிக்கிறது. தமிழ்நாட்டு அரசு ‘மனுநீதி நாள்’ என்னும் பெயரை இக்கதையிலிருந்தே பெற்றது. கதையில் பசுவின் குறைக்கு எண்ணில்லை. இடையில் நிற்பவரும் முறையீட்டைத் தடுப்பதில்லை.

வழக்குரை காதை இதனினும் நுட்பமானது. கண்ணகி அவைக்கு வரும்போது அரசின் கணக்கில் சிலம்பு வழக்கு முடிந்துவிட்டது. களவு பற்றிய செய்தி வந்தது, ஆணை பிறந்தது, தண்டனை நிறைவேறியது. பொற்கொல்லன் சொல்லை ஏற்ற அரசன் மறுதரப்பைக் கேட்கவில்லை என்பது மட்டுமே குறை. அக்குறையே முழு அறப்பிழையாயிற்று. கண்ணகி செய்வது, முடிந்ததாகக் குறிக்கப்பட்ட ஒன்றை மீண்டும் திறப்பது. அதற்கான சான்று அவள் கையில் இருந்தது, அரண்மனையில் இல்லை. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்பதை அவையில் உடைத்துக் காட்டிய பிறகே உண்மை வெளிப்பட்டது. பாண்டியனின் பெருமை அவளை உள்ளே வரவிட்டதில் இருக்கிறது. அவனுடைய அழிவு அவளைக் காலம் தாழ்ந்து கேட்டதில் இருக்கிறது. முடித்து வைப்பவரிடம் இல்லாத சான்று பாதிக்கப்பட்டவரிடம் இருக்கக்கூடும் என்னும் இவ்வுண்மையே எந்தத் தடமறி அமைப்பிலும் மீள்திறப்பு உரிமைக்கு அடிப்படையாக வேண்டும்.

கலைச்சொல்லாக்கத்தில் கவனிக்க வேண்டுவன

தமிழில் நிலைச்சொற்களை அமைக்கும்போது ‘முடிக்கப்பட்டது’ என்னும் ஒரு சொல்லில் பல நிலைகள் அடைக்கப்படும் போக்கு தவிர்க்கப்பட வேண்டும். தமிழில் வேறுபாடு காட்டும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வேறு அலுவலகத்திற்குச் சென்றதை ‘அனுப்பியது’ என்றும், விதி இடம் தராததை ‘மறுத்தது’ என்றும், நிதியோ இசைவோ வரவேண்டியதை ‘காத்திருப்பது’ என்றும், முன்னதோடு சேர்த்ததை ‘இணைத்தது’ என்றும் பிரிக்கலாம். குறை நீங்கியதை மனுதாரர் ஏற்றபின் மட்டுமே ‘தீர்ந்தது’ எனக் குறிக்க வேண்டும்.

இங்கு வினைவடிவமும் பொருளுடையது. ‘தீர்க்கப்பட்டது’ என்பது செயப்பாட்டு வினை. செய்தவரை மறைத்து, செயல் முடிந்ததாக மட்டும் கூறுகிறது. ‘தீர்ந்தது’ என்பது தன்வினை. குறையே இல்லாமற்போனதைக் கூறுகிறது. நோய் தீர்ந்தது, கடன் தீர்ந்தது, பகை தீர்ந்தது என்னும் வழக்குகளில் அதனைச் சொல்லும் உரிமை நோயுற்றவருக்கும் கடன்பட்டவருக்கும் பகைகொண்டவருக்கும் உரியது. மருத்துவரின் பதிவேடு நோய் தீர்ந்தது என எழுதலாம். நோயாளி ஏற்காதவரை அது பதிவு மட்டுமே.

மறுப்பும் விடையும்

இவ்வாதத்திற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். மூடும் உரிமையை மனுதாரரிடம் அளித்தால் எம்மனுவும் மூடப்படாது என்பது முதலாவது. தகுதியற்ற வேண்டுகோளை ஓர் அலுவலர் காலமெல்லாம் சுமக்க இயலாது என்பதும் உண்மையே. இதற்கான விடை முன்னரே கூறிய சொற்பிரிப்பில் உள்ளது. அலுவலர் ‘மறுத்தது’ எனக் காரணத்தோடு முடிக்கலாம். அது நேர்மையான முடிவு. ‘தீர்ந்தது’ என்னும் சொல்லை மட்டும் அவர் தாமே பயன்படுத்தலாகாது. மறுப்பை மறுப்பாகச் சொன்னால் மனுதாரர் மேல்முறையீட்டிற்குச் செல்ல முடியும். தீர்வு எனச் சொல்லிவிட்டால் அவருக்குச் செல்ல இடமில்லை.

எண்ணிக்கையின்றி நிருவாகத்தை மதிப்பிட இயலாது என்பது இரண்டாவது மறுப்பு. எண்ணிக்கை தேவையே. அளவுகோல் இலக்காகும்போது அது அளவிடும் ஆற்றலை இழக்கும் என்னும் கருத்து, 1975இல் பிரித்தானியப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் பணக்கொள்கை பற்றிக் கூறியதிலிருந்து வளர்ந்தது. மூடிய மனுக்களின் விழுக்காடே ஓர் அலுவலகத்தின் பெருமையாகுமானால் மூடுவதே வேலையாகிவிடும். அதனோடு மீண்டும் திறக்கப்பட்டவை, அனுப்பப்பட்டு நிற்பவை, மறுக்கப்பட்டவை ஆகியவற்றின் எண்ணிக்கையும் தனித்தனியே வெளியிடப்பட்டால் அளவுகோல் தன் ஆற்றலை மீண்டும் பெறும். நிறுவனங்களின் குழுப்பணிக்கும் இது பொருந்தும்.

முடிவுரை

தடமறி மென்பொருள் குழுப்பணிக்கு ஒழுங்கையும் மனுவுக்கு முகவரியையும் தந்துள்ளது. தீபத் திருவிழா போன்று முடிவு கண்ணுக்குத் தெரியும் பணிகளில் அது சிறந்த துணை. முடிவு கண்ணுக்குத் தெரியாத பணிகளில் அதன் நிலைச்சொற்களே முடிவாகிவிடும் இடர் உண்டு. தன்பதிவேட்டிலிருந்து வந்த ‘முடிவு’ என்னும் பொருள் இவ்விடரை வலுப்படுத்துகிறது. தீர்த்தவரும் சரிபார்ப்பவரும் வேறாக வேண்டும் என்னும் தொடக்ககால மென்பொருளாளரின் நுட்பமும், நிலத்தில் நடந்தபின்னரே ஆணை முடிந்ததாகும் என்னும் செப்பேட்டு நடைமுறையும், முடிந்த வழக்கையும் பாதிக்கப்பட்டவர் சான்றோடு திறக்கலாம் என்னும் காப்பிய அறமும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஜமுனாமரத்தூரிலிருந்து மனுவோடு இறங்கி வருபவருக்கு எண் கிடைத்துவிட்டது. அவ்வெண்ணை மூடும்போது அவரையும் ஒரு சொல் கேட்க வேண்டும் என்பதே எஞ்சியுள்ள பணி.